கிளாரா ஷூமன் அம்மையார்

முன்னுரை

இசையரங்கிற்குச் சென்று அமர்ந்து, வல்லார் ஒருவர் இசைக்க நாம் கேட்டு இன்புறுகின்றோம். அவ்வின்பம் சில நாழிகைகளில் நிகழ்ந்து முடிந்துவிடுகின்றது. அதன் பின்னே மறைந்து நிற்கும் பல ஆண்டுகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தனியறையில் இருந்து தனக்கென இசைத்தல் ஒன்று. பலர் கூடிய அவையிலே பிறர்க்கென இசைத்தல் முற்றிலும் வேறொன்று. அறையினுள் பிழையின்றிப் பாடிய நா அவையின்கண் வறண்டு போதலும், வீட்டில் விரைந்தோடிய விரல்கள் அரங்கிலே குளிர்ந்து விறைத்தலும் உலகியல்பு. கிறிஸ்து பிறப்பு நாட்களில் நம் கல்லூரிக் கோவிற் பாடற்குழுவினருள் ஒருவராய் நின்றோர்க்கும், கல்லூரி நாள் விழாவில் மேடை ஏறினோர்க்கும் இதனை யாம் எடுத்துரைத்தல் வேண்டா.

இவ்வச்சத்தை வெல்லும் வழி யாது? கையைப் பழக்கினாற் போதுமா, நெஞ்சினையும் பழக்குதல் வேண்டுமா? நன்கு பழகியவர்க்கு அச்சம் அறவே நீங்கிவிடுமா? இவ்வினாக்களுக்குரிய விடையை நூல்களிற் காண்பதினும் ஒருவர் வாழ்க்கையிற் காண்டல் நன்று. 1828 ஆம் ஆண்டு முதல் 1891 ஆம் ஆண்டு வரை, 63 ஆண்டுகள், ஐரோப்பிய நாடுகளின் அரங்குகளிற் பியானோ வாசித்துப் புகழ் நிறுவிய ஜெர்மானியப் பெருமாட்டியார் கிளாரா ஷூமன் அம்மையாரின் வரலாற்றை அந்நோக்குடன் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் பயிற்சியும்

கிளாரா 1819 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13 ஆம் நாள் லைப்சிக் நகரிற் பிறந்தார். பாக் என்னும் இசைப் பேராசிரியர் தோமையார் கோவிலின் இசைத்தலைவராய் 27 ஆண்டுகள் பணியாற்றி உயிர் நீத்த நகரம் அதுவே. தந்தையார் பிரீடரிக் வீக், பியானோ கற்பிக்கும் ஆசிரியர். பியானோ வாணிகமும் நடத்தியவர். தாயார் மரியான்னே பாடுதலினும் வாசித்தலினும் வல்லவர். பெற்றோரிடை ஒற்றுமை நிலவாமையின் அவர்கள் பிரிந்தனர். கிளாரா ஐந்து வயது நிரம்பிய அளவிலே தாயைவிட்டுத் தந்தையின் வீட்டிற்கு மீண்டார். நான்கு வயது கடந்தும் அக்குழந்தை வாய்திறந்து பேசவில்லை. செவிப்புலன் இல்லையோ என்றும் உற்றார் ஐயுற்றனர். அத்தகைய குழந்தைக்கு, மொழி நன்கு வருமுன்னரே இசை வந்தெய்தியது.

வீக் பிடிவாதமும் கடுமையும் உடையவர். மகளின் நாட்குறிப்பைக்கூட மகள் எழுதுவதுபோலத் தாமே எழுதி வைத்தவர். ஆயினும் கற்பிக்கும் முறையிலே தம் காலத்தார் பலரினும் அறிவுடையராய் விளங்கினார். முதற்கண் அவர் இசைக்குறிப்பு ஏட்டினைக் குழந்தையின் கண்முன் வைத்திலர். சிறு சிறு இசைகளைச் செவியாற் கேட்டு, விரலாற் கண்டு, நெஞ்சிற் பதித்துக்கொள்ளும்படி செய்த பின்னரே எழுத்துக் குறிப்பினைக் கற்பித்தார். நாடோறும் ஒரு மணி நேரம் பாடம். இரண்டு மணி நேரம் பயிற்சி. பின்னர்த் திறந்த வெளியில் நெடுந்தூரம் நடத்தல். இளங்குழந்தையை நாள் முழுதும் பியானோவின்முன் கட்டிவைத்தல் விரலுக்கும் தீது, மனத்திற்கும் தீது என்பது அவர் கொள்கை. வாய்ப்பாட்டும், வயலினும், பல குரல்களை இயைத்து இசை அமைக்கும் நூலறிவும் உடன் கற்பிக்கப்பெற்றன. நகரில் நிகழ்ந்த நல்ல இசையரங்குகளுக்கும் இசை நாடகங்களுக்கும் மகளை அழைத்துச் சென்றார்.

ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் மாதவி அரங்கேறினாள் என்று சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிற் பயின்றுள்ளோம். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் இலக்கணங்களையும், அரங்கின் அளவுகளையும் முறையே கூறிய பின்னரே இளங்கோவடிகள் மாதவியை அரங்கில் ஏற்றுகின்றார். கிளாராவும் ஐந்து வயதிற் பயிலத் தொடங்கிப் பதினோராம் வயதிலே தமக்கெனத் தனியரங்கு ஒன்று நடத்தினார். காலமும் இடமும் வேறாயினும், அரங்கு என்பது ஒரு நாளில் எழுவதன்று என்னும் உண்மை இருவரிடத்தும் ஒன்றேயாம்.

முதல் அரங்கு

1828 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20 ஆம் நாள், லைப்சிக் நகரின் புகழ்பெற்ற கெவாண்ட்ஹௌஸ் என்னும் இசை மண்டபத்தில், வேறொருவர் நடத்திய அரங்கிலே, ஒன்பது வயதுச் சிறுமியாகிய கிளாரா மற்றொரு மாணவியுடன் சேர்ந்து ஒரே பியானோவில் நான்கு கைகளால் வாசிக்க இருந்தார். அம்மாலையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று நம் உள்ளத்தைக் கவர்வது.

மண்டபத்து வண்டி வந்து அழைத்துச் செல்லும் என்று கூறப்பட்டிருந்தது. ஒரு வண்டி வந்தது, சிறுமி ஏறினார். அதனுள்ளே விழாக்கோலம் பூண்ட பெண்கள் பலர் இருந்தனர். வண்டியோ மண்டபத்து வழியே செல்லாமல் ஊர்ப்புறம் நோக்கி ஓடியது. அவர்களெல்லாம் புறநகரிலே நிகழும் நடன விருந்திற்குச் செல்பவர்கள்! தாம் எங்கோ கொண்டு செல்லப்படுகின்றோம் என்று உணர்ந்த சிறுமி அஞ்சி அழுதார். பின்னாலே விரைந்து வந்த மற்றொரு வண்டி அவரை மீட்டு மண்டபத்திற் கொணர்ந்து சேர்த்தது. அழுத கண்ணும் நடுங்கிய நெஞ்சுமாய் வந்திறங்கிய மகளைத் தந்தை கடிந்தாரில்லை; பதறினாருமில்லை. கையிலே மிட்டாய்ப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, முதன்முறை அவையில் வாசிக்கச் செல்வோரை இவ்வாறு வேறிடத்திற்குக் கொண்டு போதல் எப்பொழுதும் நிகழ்வதே, அதனை முன்னரே சொல்ல மறந்துவிட்டேம் என்று நகைமுகத்தோடு கூறினார். சிறுமியின் கலக்கம் தீர்ந்தது. அன்றைய வாசிப்பு இனிதே நிறைவுற்றது.

தந்தை கூறியது பொய்யேயாயினும், அதனுள் ஒரு மெய் இருந்தது. அரங்கிற்குச் செல்லும் வழியில் இடையூறு வாராதிருப்பதில்லை. இடையூறு வருதலையும் ஆயத்தத்தின் ஒரு பகுதியாகக் கொண்டவனே அமைதியாய் அமர்ந்து வாசிப்பான். அக்கல்வியைக் கிளாரா அம்மையார் தம் வாழ்நாள் முழுதும் மறந்திலர்.

1830 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆம் நாள், அதே மண்டபத்தில் அவரது தனியரங்கு நிகழ்ந்தது. பின்னர்த் தந்தையும் மகளும் ஊர் ஊராகச் சென்றனர். மண்டபம் அமர்த்துதல், பெரியோர்க்கு மடல் எழுதுதல், நுழைவுச் சீட்டு அச்சிடுதல், பியானோவைத் தேடிப் பெற்று அதன் சுருதியையும் கட்டைகளையும் சீர் செய்தல் ஆகிய யாவும் வீக்கின் பணிகள். 1832 ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் அவர்கள் இருந்தபொழுது வாந்திபேதி நோய் பரவ, மக்கள் நகரைவிட்டு ஓடினர். பெரிய மண்டபத்தில் நிகழவிருந்த அரங்கு சிறு கூடமொன்றில், சிலர் முன்னிலையில் நிகழ்ந்தது. பலர் இருப்பினும் சிலர் இருப்பினும் வாசிப்பு ஒன்றே என்பதைப் பன்னிரண்டு வயதில் அவர் கற்றார்.

1838 ஆம் ஆண்டு வியன்னா நகரிலே, ஆஸ்திரியப் பேரரசர் அவர்க்கு அரசவை இசைவாணர் என்னும் பட்டம் அளித்தார். பதினெட்டு வயதுப் பெண், அயல்நாட்டார், கத்தோலிக்க அரசவைக்குப் புறம்பான சீர்திருத்தச் சபையினர். இவையெல்லாம் இருந்தும் அப்பட்டம் அவரை அடைந்தது.

தனித்து நிற்றல்

1830 ஆம் ஆண்டில் வீக்கின் வீட்டிலே தங்கிப் பியானோ பயில வந்தவர் ராபர்ட் ஷூமன். கையிற் கேடுற்றமையால் அவர் அரங்கில் வாசிக்கும் ஆசையைக் கைவிட்டு, இசை இயற்றுதலையே தொழிலாகக் கொண்டார். அவர்க்கும் கிளாராவுக்கும் இடையே அன்பு முகிழ்த்தது. தந்தையோ அதனைச் சற்றும் பொறாது சினந்தெழுந்தார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. மன்றத்தின் இசைவு பெற்று, 1840 ஆம் ஆண்டு செப்டம்பர் 12 ஆம் நாள், தமது இருபத்தோராம் பிறந்த நாளுக்கு முதல் நாள், கிளாரா ராபர்ட்டை மணந்தார்.

இதற்கிடையே 1839 ஆம் ஆண்டில் அவர் தந்தையின் துணையின்றிப் பாரிஸ் நகரம் சென்றார். அதுவரை தந்தை செய்துவந்த பணிகள் யாவும் அவர் தலைமேல் விழுந்தன. மடல் எழுதியதும், மண்டபம் பேசியதும், வரவு செலவு கணக்கிட்டதும், பின்னர் அரங்கேறி வாசித்ததும் அவரே. மகள் தோல்வியுற்றுத் திரும்புவாள் என்று எண்ணியிருந்த தந்தையின் எண்ணம் பொய்த்தது. கைத்திறம் ஒன்றனால் மட்டும் அரங்கு அமைவதில்லை; அரங்கின் புறவேலைகளை அறிந்தவர்க்கே அகத்தில் அமைதி உண்டாகும் என்பதற்கு இஃதோர் சான்று.

இல்லறத்திலே புதிய இடர் ஒன்று தோன்றியது. கணவர் இசை இயற்றும்பொழுது வீட்டில் அமைதி வேண்டும். ஆதலின் மனைவி பியானோவைத் தொடுதல் இயலாதாயிற்று. கணவர் வெளியே சென்றிருக்கும் சிறு பொழுதே பயிற்சிப் பொழுதாயிற்று. 13 ஆண்டுகளில் எட்டு மக்கள் பிறந்தனர். இவ்வளவிற்கும் இடையே 1844 ஆம் ஆண்டு உருசிய நாட்டிற்குக் கணவருடன் சென்று, பனியையும் நெடுவழியையும் பொறுத்துப் பல நகரங்களில் வாசித்து மீண்டார். நேரம் இல்லை என்று கூறிப் புத்தகத்தை மூடும் மாணவராகிய நாம், இவ்வம்மையாரின் நாட்களை நினைத்துப் பார்த்தல் நன்று.

நெஞ்சிற் பதித்தலும் நெஞ்சின் நடுக்கமும்

அக்காலத்தில் அரங்கிலே வாசிப்போர் இசையேட்டைக் கண்முன் விரித்து வைத்தே வாசித்தனர். ஏடின்றி வாசித்தலைச் செருக்கென்று கருதுவோரும் இருந்தனர். 1837 ஆம் ஆண்டு பெர்லின் நகரிலே கிளாரா பீத்தோவனின் இசையை ஏடின்றி வாசித்தபொழுது, பெட்டினா பான் ஆர்னிம் என்னும் எழுத்தாளப் பெருமாட்டியார் அதனைப் பொறாது இகழ்ந்தார். ஆயினும் கிளாரா அவ்வழக்கத்தை விட்டாரில்லை. இன்று பியானோ வாசிப்போர் அரங்கில் ஏடின்றி வாசித்தல் பெருவழக்காயிற்று. அவ்வழக்கத்தை நிலைநாட்டிய முன்னோருள் அவர் ஒருவர்.

இவ்விடத்தில்தான் நாம் வியக்கத்தக்க செய்தி ஒன்றுள்ளது. ஏடின்றி வாசித்தலுக்கு வழிகாட்டிய அப்பெருமாட்டியாரே, இடையில் மறந்து விடுவேனோ என்னும் அச்சத்தால் ஆண்டுகள் பல வருந்தினார். இளமையில் தோன்றாத அவ்வச்சம் வயது ஏற ஏற வளர்ந்தது. புகழ் மிகுந்த காலத்திலும், ஓர் இசை முடிந்து மற்றொன்று தொடங்குவதற்குள் அவர் உள்ளம் நடுங்கியதுண்டு. தம் உயிர்த் தோழராகிய பிராம்ஸ் என்னும் இசைப்புலவர்க்கு எழுதிய மடல்களில் இத்துன்பத்தை மறைக்காது வெளியிட்டுள்ளார். ஏட்டை எதிரே வைத்துக்கொள்ளலாமே எனின், சிறகு கட்டுண்ட பறவைபோல் ஆகிவிடுவதாக அவர் உணர்ந்தார். ஆகவே அச்சத்தைப் போக்கிக்கொள்ளும் எளிய வழியினை அவர் விரும்பவில்லை. அச்சத்தோடு வாசிக்கும் அரிய வழியினையே மேற்கொண்டார்.

அதற்கு அவர் செய்துகொண்ட ஆயத்தம் யாது? முதலாவது, நாள் தவறாப் பயிற்சி. அவர் மகள் யூஜினி எழுதிய நினைவு நூலில் இது விளங்கக் கூறப்பட்டுள்ளது. நாடோறும் முதலிற் சுர வரிசைகள். அவற்றையும் உயிரற்ற பாடமாக வாசியாது, ஒரு சுருதியினின்று மற்றொன்றிற்கு இனிதே பெயர்ந்து செல்லும் இசையாகவே வாசிப்பாராம். உலகப் புகழ் எய்திய பின்னரும் தொடக்க மாணவர் செய்யும் பயிற்சியினை அவர் இழிவாகக் கருதவில்லை.

இரண்டாவது, அரங்கிலேயே செய்துகொள்ளும் ஆயத்தம். ஒவ்வோர் இசையினையும் தொடங்குமுன், அதன் சுருதியிலே சிறு முன்னிசை ஒன்றைத் தம் கற்பனையால் அவ்வப்பொழுது அமைத்து வாசிப்பார். நம் நாட்டிற் பாடகர் கீர்த்தனை தொடங்குமுன் இராகத்தை ஆலாபனை செய்தலை இதனோடு ஒப்பிடலாம். அச்சிறுபொழுதிலே அறியாத ஊரின் அறியாத பியானோவினது கட்டைகளின் இயல்பு விரலுக்குப் புலனாகும். அவையினர் பேச்சொழிந்து அமைவர். வாசிப்பவரின் உள்ளமும் புறத்தினின்று நீங்கி இசையினுட் புகும். முதுமையில், 1895 ஆம் ஆண்டில், தம் மக்கள் வேண்ட அம்முன்னிசைகளுட் சிலவற்றை எழுதி வைக்க முயன்றார். ஒவ்வொரு முறையும் வேறுவேறாக வாசித்தமையால் அவற்றை எழுத்தில் நிறுத்துதல் அவர்க்கே அரிதாயிற்று.

துன்பத்தினிடையே

1854 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ராபர்ட் ஷூமன் மனநோயுற்று ரைன் ஆற்றிற் குதித்தார். மீட்கப்பெற்று, பான் நகரின் அருகேயுள்ள எண்டனிக் என்னும் ஊரின் மருத்துவ மனையிற் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டு ஜூன் திங்களில் கடைசிக் குழந்தை பெலிக்ஸ் பிறந்தான். ஏழு குழந்தைகள், வருவாய் இல்லை. நண்பர்கள் அவர் பொருட்டு உதவி அரங்கு ஒன்று நடத்திப் பொருள் திரட்ட முன்வந்தனர். அம்மையார் அதனை மறுத்து, அக்டோபர்த் திங்களிலே தாமே அரங்கேறப் புறப்பட்டார். மருத்துவர் இசையாமையின், இரண்டாண்டிற்கு மேலாகக் கணவரைக் காணவும் இயலவில்லை. 1856 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆம் நாள் கணவர் இறந்தார். அதற்கு இரண்டு நாட்கள் முன்னரே அவரைக் கண்டார். அது முதல் அரங்குகளிற் கருநிற ஆடையே அணிந்து தோன்றினார்.

மக்களை உறவினரிடத்தும் பிறரிடத்தும் விடுதிகளிலும் விட்டு, ஜெர்மனி, ஆஸ்திரியா, இங்கிலாந்து என நாடு நாடாகச் சென்றார். தாயின் அருகிருப்பை இழந்த மக்களின் ஏக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. ஆயினும் அவர்களுக்கு உணவும் கல்வியும் அளித்தது அவ்வரங்கே.

1872 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிலே ஹைடல்பர்க் நகரில் அமலி யோவாக்கிம் என்னும் பாடகியாருடன் அவர் வாசிக்க இருந்த நாளில், மகள் ஜூலி இறந்தாள் என்னும் செய்தி வந்தது. அவ்வம்மையார் அச்செய்தியைத் தோழிக்கும் உரைத்திலர். உரைத்தால் அவர் பாட்டு கலங்கும் என்று எண்ணினார் போலும். குறித்த பொழுதில் அரங்கேறி வாசித்து முடித்தார். இது கல்நெஞ்சமோ என்று சிலர் ஐயுறலாம். யாம் அவ்வாறு கருதுகிலேம். வாழ்நாள் முழுதும் பழகிய ஒழுங்கு, உள்ளம் உடைந்த நாளிலும் உடலைத் தாங்கி நிறுத்தியது என்றே கருதுகின்றோம். அவர்க்கு இசை வேறு, ஆறுதல் வேறு அன்று.

அடுத்த இடர் கையில் வந்தது. 1873 ஆம் ஆண்டின் இறுதி தொடங்கிக் கைவலி மிகுந்து, ஓராண்டிற்கு மேலாக அரங்கேற முடியாதவரானார். கீல் நகரத்து மருத்துவர் எஸ்மார்க், கைக்கு முழு ஓய்வு கொடுக்குமாறு கூறாமல், அளவோடு வாசித்துக்கொண்டே வருமாறு பணித்தார். 1875 ஆம் ஆண்டில் அம்மையார் மீண்டும் அரங்கேறினார்.

ஆசிரியர்

1878 ஆம் ஆண்டிலே பிராங்க்பர்ட் நகரத்து ஹாக் இசைக்கல்லூரியிற் பியானோ ஆசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில், முதல் அரங்கின் ஐம்பதாம் ஆண்டு நிறைவினை லைப்சிக் நகரம் கெவாண்ட்ஹௌஸ் மண்டபத்திலே கொண்டாடியது. அன்று அவர் அமைத்த நிகழ்ச்சி முழுதும் தம் கணவர் இயற்றிய இசையே. தம் புகழ்நாளைக் கணவர் புகழுக்கு அவர் ஒப்படைத்தார்.

மாணவர்க்கு அவர் கற்பித்தவை எளியன. கட்டையை மேலிருந்து அடித்தல் கூடாது. விரலால் அழுத்தி ஒலியை வெளிக்கொணர்தல் வேண்டும். இயற்றியவர் எழுதியதை எழுதியவாறே வாசித்தல் வேண்டும்; வாசிப்பவர் தம்மைக் காட்டுதற்கு இசையைக் கருவியாக்குதல் தகாது. அரங்கின் நடுக்கத்திற்கு இதனினும் சிறந்த மருந்து உண்டோ? என்னைப் பற்றி இவர்கள் யாது நினைப்பர் என்னும் எண்ணத்திலே நடுக்கம் பிறக்கின்றது. இவ்விசையை இவர்களிடம் பழுதின்றிச் சேர்ப்பேனாக என்னும் எண்ணம் வந்தவிடத்து, நடுக்கம் இருப்பினும் ஆளும் வலி அதற்கு இல்லை. அம்மையாரின் மாணவராகிய பானி டேவிஸ், அடலினா டி லாரா முதலியோர் வாசித்த ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன.

செவியும் தளர்ந்த முதுமையில், 1891 ஆம் ஆண்டு மார்ச்சு 12 ஆம் நாள், பிராங்க்பர்ட் நகரிற் கடைசியாக அரங்கேறினார். அடுத்த ஆண்டு ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். 1896 ஆம் ஆண்டு மே 20 ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் இறுதியாகக் கேட்ட இசை, பேரன் பெர்டினாண்டு வாசிக்கக் கேட்ட ராபர்ட் ஷூமனின் இசையே. பான் நகரத்திற் கணவர் கல்லறையிலேயே அவரும் அடக்கம் பெற்றார்.

முடிவுரை

அம்மையார் வாசித்த அரங்குகளின் நிகழ்ச்சித் தாள்கள் ஏறத்தாழ 1,300, ஸ்விக்காவு நகரத்து ஷூமன் இல்லத்திற் பாதுகாக்கப்பெற்று வருகின்றன. 1990 ஆம் ஆண்டு முதல், மார்க் நாணயம் வழக்கொழிந்த காலம் வரை, ஜெர்மனியின் நூறு மார்க் தாளை அவர் உருவம் அணிசெய்தது. ஆயினும் நாம் அவர்பாற் கற்க வேண்டுவது அப்புகழன்று. 1,300 மாலைகளில் எத்துணை மாலைகள் அவர் நெஞ்சம் நடுங்கியிருக்கும்! நடுங்கிய மாலைகளிலும் அவர் சென்று அமர்ந்தார். ஆயத்தம் என்பது அச்சத்தை ஒழிப்பதன்று. அச்சம் வந்து அருகில் அமர்ந்த காலத்தும் கை தன் கடமையை மறவாதபடி கையையும் நெஞ்சையும் முன்னரே பழக்கி வைத்தலேயாம்.

தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்த ஊழியக்காரன் அஞ்சியே புதைத்தான் என்று திருமறையிற் காண்கின்றோம். அஞ்சுதல் குற்றமன்று, அஞ்சிப் புதைத்தலே குற்றம். நம்முள் பாட வல்லாரும், கருவி இசைக்க வல்லாரும், அவையிற் பேச வல்லாரும் பலர் உளர். வரும் ஆண்டு அவர்கள் மேடைப்படியில் ஏறி நிற்கும்போது கால் நடுங்குமாயின், லைப்சிக் நகரில் வழிதவறிய வண்டியிலிருந்து அழுத கண்ணோடு இறங்கி, மிட்டாய்ப் பொட்டலத்தோடு மண்டபத்துட் புகுந்த அவ்வொன்பது வயதுச் சிறுமியை நினைவார்களாக.